ஒரு பக்கக் குரல்

வெற்றிசெல்வன் வீட்டில் இருந்தால் வாயைத் திறக்க மாட்டான். வெள்ளிமலைப் பக்கத்தில் இது ஊரறிந்த விஷயம். பதினாறு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். நடை முடிந்து வந்தால் சோற்றைத் தின்பான், மாட்டைப் பார்ப்பான், மரவள்ளிக் கொல்லைக்கு ஒரு சுற்றுப் போய் வருவான், கேட்டதற்குத் தலையாட்டுவான். "இந்த ஊமக்கோட்டானோட எப்டிடி குப்ப கொட்ற?" என்று அவன் பெண்டாட்டி நர்மதாவைக் கேட்காத பெண்பிள்ளை ஊரில் கிடையாது. நர்மதா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கு மட்டும் தெரிந்த வெற்றிசெல்வன் ஒருவன் இருந்தான். அவன் போனில் இருந்தான்.

அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். அவர்கள் கொல்லையின் கிழக்கு ஓரத்தில், சரிவு தொடங்குகிற இடத்தில், இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு பாறை. அங்கிருந்து பார்த்தால் கீழே கோமுகி அணை ஒரு தட்டில் ஊற்றிவைத்த தண்ணீராகத் தெரியும். அதற்கும் அப்பால் கள்ளக்குறிச்சி வரைக்கும் சமவெளி, வெயிலும் புகையும் கலந்து மங்கலாகப் படுத்துக் கிடக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு நர்மதா அங்கே போய் உட்காருவாள். லாரி எந்த மாநிலத்தில் ஓடினாலும் அந்நேரம் டீக்கு நிற்கும். போன் அடிக்கும்.

"இன்னா புள்ள, உக்காந்துட்டியா?" என்பான். அவ்வளவுதான், மடை திறந்துகொள்ளும்.

பேர் தெரியாத ஊர் ஒன்றில் ரோட்டோரம் கண்ணுக்கெட்டிய வரை மிளகாய் காயப்போட்டிருந்ததையும், அந்தச் சிவப்பு நடுவே வெள்ளை வேட்டியோடு ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததையும் சொல்வான். மழையில் நின்றுபோன லாரிக்குள் யார் வீட்டு ஆடோ ஏறி வந்து, அவன் காலடியில் படுத்துத் தூங்கியதைச் சொல்வான். ஒரு விடிகாலையில் மயில் கூட்டம் ஒன்று ரோட்டை மறித்து நின்றதாம். இவன் இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தானாம். அதில் ஒன்று பானெட்டின் மேல் ஏறிவந்து, கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கிப் போனதாம்.

இதற்கெல்லாம் நர்மதா 'ம்' கொட்ட வேண்டும். அதுதான் சட்டம். 'ம்' ஒரு இடத்தில் தவறினால் கதை நின்றுவிடும். "இருக்கியா?" என்று கேட்பான். கேட்கிறவர் 'ம்' கொட்டாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை மறந்துபோகும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நர்மதாவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப்போல நாள் தவறாமல் 'ம்' கொட்டினாள்.

போன தையில் அவனுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே நின்றது. கஷாயம், ஊசி, மாத்திரை எல்லாம் பார்த்து, கடைசியில் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா நர்மதாவைத் தனியே கூப்பிட்டு, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். உயிர் தங்கும், பேச்சு தங்காது. ஆபரேஷனுக்கு இருபதாம் தேதி என்று சீட்டு எழுதினார்கள். அதற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

வேறு ஒருவனாக இருந்தால் வீட்டில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெற்றிசெல்வன் ஒரே ஒரு நடை போய்வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஜவ்வரிசி மூட்டை, நாக்பூருக்கு, போக வரப் பதினோரு நாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு, ஓட்டுவதற்கு இன்னொரு டிரைவர் நாராயணசாமியையும் பக்கத்து சீட்டுக்கு இவனையும் அனுப்பினார். எதற்குப் போகிறான் என்று நர்மதாவுக்குத் தெரிந்தது. வீட்டில் இருந்தால் அவனால் பேச முடியாது. மிச்சம் இருக்கிற குரலைச் செலவு செய்யத்தான் அவன் அவ்வளவு தூரம் போகிறான்.

அவன் கிளம்பிய மறுநாள்தான் அவளுக்கு அந்த ஆப் ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் முன்னால் இந்தப் போனை வாங்கித் தந்தபோதே, "பேசறதெல்லாம் இதுல தானா பதிஞ்சிக்கினே இருக்கும்" என்று அவனே போட்டுக் கொடுத்திருந்தான். நாளைக்கும் பேசப் போகிற மனுசனின் குரலை யார் எடுத்துக் கேட்பார்கள்? அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது பாறையில் உட்கார்ந்து திறந்து பார்த்தாள். ஆயிரத்துக்கு மேல் இருந்தது.  பொங்கிவந்த சந்தோஷத்தோடு ஒன்றைத் தட்டினாள்.

"ம்" என்றது அவள் குரல். பிறகு ஒன்றுமில்லை. காற்று. ரொம்ப நேரம் கழித்து, "ம்... அப்பறம்?" மறுபடி ஒன்றுமில்லை. "ஐயோ! நீ இன்னா பண்ண?" மறுபடி காற்று.

இன்னொன்றைத் தட்டினாள், அதுவும் அப்படியே. பத்து, இருபது என்று தட்டிப் பார்த்தாள். எதிலும் அவன் இல்லை. மூன்று வருஷமாக ஒரு பைத்தியக்காரி பாறையில் தனியாக உட்கார்ந்து காற்றோடு பேசிக்கொண்டிருந்ததைப்போல இருந்தது. நர்மதா அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய நேரத்தில் போன் அடித்தது.

மறுநாள் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தாள். அவன் இரண்டு வார்த்தை பேசியதும் நிறுத்தினான். "யாரு புள்ள பக்கத்துல? ஸ்பீக்கரா போட்டுக்கிற?" அதற்குமேல் அவன் வீட்டு வெற்றிசெல்வன் ஆகிவிட்டான். "சரி, சாப்ட்டு தூங்கு" என்று வைத்துவிட்டான். ஒரு நாள் வீணாகப் போயிற்று.

அவன் போய் மூன்று நாள் ஆன காலையில் அவள் பஸ் ஏறினாள். கச்சிராயபாளையம் வழியாக வளைந்து வளைந்து இறங்குகிற பஸ்ஸில் காது அடைத்துத் திறந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோகிலவாணியின் போன் சர்வீஸ் கடை. பெயரைக் கேட்டுக் குயிலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கோகிலவாணிக்கு ஏலம் போடுகிறவரின் தொண்டை. ஆனால் கை மட்டும் பூக்கட்டும் கை, நுனி நகத்தால் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலே அது எழுந்து வரும்.

நர்மதா சொன்னதை எல்லாம் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே அந்தக் கடையில் அதிசயம்.

"ஆப் மேல தப்பு இல்லம்மா" என்றாள். "போனுக்குள்ள ரெண்டு வகை ஆப். கம்பெனிக்காரனே உள்ள வெச்சு அனுப்பறது சிஸ்டம் ஆப். அது வூட்டு ஆளு. நாம ஏத்தறது வாசல்ல நிக்கிற ஆளு. போன்ல எதிராளி பேசற பேச்சு வூட்டுக்குள்ள ஓடுது. வாசல்ல நிக்கிறவனுக்கு அது எப்டி கேக்கும்? உன் வாய்லேர்ந்து வர்றது மட்டும் வெளில கேக்குது, அத்த பதிஞ்சி வெச்சிருக்கு."

"அப்ப அத்த வூட்டு ஆளா ஆக்க முடியாதாக்கா?"

கோகிலவாணி அவளை ஒரு கணம் பார்த்தாள். "முடியும். போன ரூட் பண்ணணும். பூட்ட தொறந்து, இந்த ஆப்ப சிஸ்டம் ஆப்பா உள்ள கொண்டுபோய் உக்கார வெக்கணும். அப்பறம் அது ரெண்டு பக்கமும் கேக்கும். ஆனா சும்மா இல்ல. போன்ல இருக்கற எல்லாம் அழிஞ்சிடும். பேங்க் ஆப் வேல செய்யாது. கம்பெனி வாரண்டி போய்டும். அதோட, பூட்ட தொறக்க கம்பெனிக்காரன கேக்கணும். அவன் ஏழு நாள் யோசிக்க சொல்லுவான்."

"யாரு யோசிக்கணும்?"

"நீதான். நல்லா யோசிச்சிட்டியா, நல்லா யோசிச்சிட்டியான்னு ஏழு நாள் காக்க வெப்பான்."

நர்மதா விரல் விட்டு எண்ணினாள். மூன்றும் ஏழும் பத்து. பதினோராம் நாள் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். இடையில் ஒரே ஒரு சாயங்காலம் கிடைக்கும். "போட்ருங்கக்கா" என்றாள். கோகிலவாணி அங்கேயே விண்ணப்பத்தைத் தட்டிவிட்டாள்.

அந்த ஏழு நாளும் நர்மதா தரையில் நடந்தாளா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். காலையில் சாமைக் கொல்லையில் குனிந்திருப்பாள், கண் மட்டும் எங்கோ ஆந்திராவில் இருக்கும். சாயங்காலம் பாறைக்குப் போவாள். அவன் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது. ஆனால் கதைகள் தேயவில்லை. ஒரு ஆற்றுப் பாலத்தில் லாரி நின்றபோது கீழே பனிமூட்டத்துக்குள் யாரோ பாடிக்கொண்டே பரிசல் தள்ளினார்களாம். பரிசலும் தெரியவில்லையாம், ஆளும் தெரியவில்லையாம், பாட்டு மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததாம். பருத்திக் காட்டின் நடுவே ஒரு டீக்கடையில் நாற்காலிகளெல்லாம் மரத்தில் தொங்கினவாம், கேட்டால் குரங்கு தூக்கிப்போய் மாட்டிவிடுகிறது என்றானாம் கடைக்காரன்.

'ம்' கொட்டிக்கொண்டே அவள் ஒவ்வொன்றையும் மனசில் இறுக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடப்பாள். கொல்லையைத் தாண்டுவதற்குள் பாதி கரைந்துவிடும். அடுப்பு மூட்டும்போது பரிசல் இருக்கும், பாட்டு இருக்காது. பழசாவது நிற்கிறதா என்று தேடிப் பார்த்தாள். மயில் கதை இருந்தது. எத்தனை மயில் என்று அவன் சொன்னானே, அது வரவில்லை. எண்ணிக்கையை அவன் சொன்ன விதத்தில்தான் அன்றைக்கு அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த ஒரு எண்ணுக்காக ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டாள். அவனிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அவனுக்குப் புரிந்துவிடும், இவள் சேர்த்து வைக்கிறாள் என்று. சேர்த்து வைக்கிறவளிடம் அவனால் பேச முடியாது.

பத்தாம் நாள் காலையில் கடையைத் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றாள்.

"பழைய ரெக்கார்டிங் இன்னா பண்றது?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"அழிச்சிடுங்கக்கா. என் குரலு எனக்கு இன்னாத்துக்கு?"

கோகிலவாணி மேஜை டிராயரைத் திறந்தாள். வாடிக்கையாளர் அழி என்றாலும் பிரதி எடுக்காமல் அழிப்பதில்லை என்பது அவள் கடை வழக்கம். அவள் சட்டம் அவளுக்கு. ஒரு மெமரி கார்டில் எல்லாவற்றையும் ஏற்றி, செய்தித்தாள் துண்டில் மடித்து, நர்மதாவின் பையில் போட்டாள். பிறகு போனைக் கம்ப்யூட்டரோடு கட்டினாள். போன் செத்து, எழுந்து, மறுபடி செத்தது. திரையில் யாருக்கும் புரியாத எழுத்து ஓடியது. நர்மதா அதை அணைத் தண்ணீரைப் பார்ப்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் திரை நடுவே ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. இந்தச் செயலி முழு அதிகாரம் கேட்கிறது என்றது. கீழே இரண்டு பொத்தான்: கொடு, மறு.

கோகிலவாணி கையை எடுத்துக்கொண்டாள். "நீ அமுக்கு."

"நீங்களே அமுக்குங்கக்கா."

"மாட்டேன். போன் உன்னுது. இதுவரிக்கும் வந்த வேல என்னுது, இது உன்னுது. உன் வூட்டுக்குள்ள ஒருத்தன உக்கார வெக்கற. நாளைக்கு வேற எது வந்து இப்டி கேட்டாலும் குடுத்துடாத. ஒருத்தனுக்கு குடுத்துட்டா அப்பறம் அவன் உன்ன கேக்கமாட்டான்."

நர்மதா 'கொடு' என்பதைத் தொட்டாள். கோகிலவாணி தெருவுக்குப் போய்த் தன் போனிலிருந்து கூப்பிட்டு, ஏலக் குரலில் ஏதோ திட்டினாள். திரும்பி வந்து போட்டுக் காட்டினாள். இரண்டு குரலும் கணீரென்று இருந்தன. நர்மதா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போம்மா, பஸ்ஸு போய்டப்போவுது" என்று கோகிலவாணி கையை உருவிக்கொண்டாள்.

பஸ் மலை ஏறியது. கையில் போனை வைத்துக்கொண்டு நர்மதா நினைத்தாள். என்னைக் கேட்டார்கள். கம்பெனிக்காரன் ஏழு நாள் கேட்டான், இந்தச் சின்னப் பெட்டி கேட்டது, கோகிலவாணி அக்கா கேட்டாள். குரல் யாருடையதோ அவனை மட்டும் யாரும் கேட்கவில்லை. இதை நினைத்தபோது பஸ் மூன்றாவது வளைவில் இருந்தது. கடைசி வளைவு வரைக்கும் அந்த நினைப்பு அவளை விடவில்லை.

ஐந்தரைக்குப் போன் அடித்தது. மலை முழுக்கப் பனி ஏறியிருந்தது. அணையும் இல்லை, சமவெளியும் இல்லை, பாறையும் அவளும் மட்டும் மிச்சம்.

"இன்னா புள்ள, உக்காந்துட்டியா?" குரல் உமியை அரைப்பதைப்போல வந்தது.

சும்மா 'ம்' என்று சொன்னால் போதும். அவன் தொடங்கிவிடுவான். கடைசிக் கதை, முழுசாக, இரண்டு பக்கமும் கைக்கு வந்துவிடும். நர்மதா வாயைத் திறந்தாள்.

"மாமா, நான் ஒண்ணு பண்ணிட்டேன். நீ பேசறது இப்ப பதியுது. போன தொறந்து உள்ள ஆப்ப வெச்சிக்கினு வந்துருக்கேன். உன் குரலு எனக்கு வோணும். உன்ன கேக்காத எடுக்க மனசு வரல. வேணாம்னு சொல்லு, இப்பவே நிறுத்திடறேன்."

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. லாரிகள் போகிற இரைச்சல். யாரோ தெலுங்கில் டீ கேட்டார்கள். போச்சு என்று நினைத்தாள். கைக்கு வந்ததைத் தானே தட்டிவிட்ட முட்டாள் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள்.

"இதுக்குத்தான் அன்னிக்கு ஸ்பீக்கர் போட்டியா?" என்றான் அவன். சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை. "வெச்சிக்கோ புள்ள. நான் வேணாம்னு சொல்லுவனா? ஆனா இப்ப எனக்கு பேச்சு வரல. பதியுதுன்னு தெரிஞ்சிட்டா நாக்கு ஒட்டிக்குது. நீ சொல்லு. பதினாறு வருஷமா நான்தான பேசிக்கினு இருக்கேன். இன்னிக்கு நீ சொல்லு, நான் 'ம்' கொட்றேன்."

என்ன சொல்வது? அவள் எங்கும் போனவள் இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போனதைச் சொன்னாள். பஸ்ஸில் காது அடைத்ததைச் சொன்னாள். "ம்" என்றான். கோகிலவாணியின் தொண்டையையும் அவள் விரல்களையும் சொன்னாள். "ம்." ஏழு நாள் யோசிக்கச் சொன்ன கம்பெனிக்காரனைச் சொன்னாள். "ம்... அப்பறம்?" மயில் எண்ணிக்கை மறந்துபோய்த் தூங்காமல் புரண்டதைச் சொல்ல வந்து, பாதியில் விட்டு, பனியைப் பற்றிச் சொன்னாள். இப்போது பாறையைச் சுற்றி ஒன்றுமே இல்லை, உலகத்தில் நீயும் நானும் போனும்தான் என்றாள். "ம்" என்றான். அந்த 'ம்' மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது. பேட்டரி தீர்கிற வரைக்கும் அவள் சொன்னாள். அவன் ஒரு இடத்திலும் தவறவில்லை.

இருபதாம் தேதி ஆபரேஷன் நடந்தது. ஒன்றரை மாதம் கழித்துக் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெற்றிசெல்வன் வீட்டுக்கு வந்தான். ஊர்க்காரர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்னே பேசாதவன், இப்போதும் பேசாதவன். சோற்றைத் தின்றான், மாட்டைப் பார்த்தான், தலையாட்டினான். நர்மதாவுக்குத்தான் சாயங்காலம் ஐந்தரை மணி தாங்கவில்லை. அவள் மட்டும் பாறைக்குப் போய் அந்த 'ம்' பதிவைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் சீரக டப்பாவைத் துழாவும்போது செய்தித்தாள் மடிப்பு ஒன்று கைக்குச் சிக்கியது. அன்றைக்குப் பையைக் கொட்டியபோது அவளே அதில் போட்டு மறந்திருந்தாள். கார்டைப் போனில் போட்டுக்கொண்டு பாறைக்குப் போனாள். எதற்கோ அவனும் பின்னாலேயே வந்து, சமவெளியைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான். கைக்கு வந்த ஒன்றைத் தட்டினாள்.

"ம்" என்றது அவள் பழைய குரல். பிறகு காற்று.

வெற்றிசெல்வன் திரும்பிப் பார்த்தான். போனை வாங்கி, தேதியைப் பார்த்தான்.  பிறகு அதை முதலிலிருந்து வைத்துவிட்டு, மறுபடி சமவெளிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ம்" என்றது போன். காற்று வந்த இடத்தில் அவன் உதடு அசைந்தது. சத்தம் இல்லை, மூச்சுக்கூட இல்லை, உதடு மட்டும். "ம்... அப்பறம்?" என்று போன் கேட்டது. கேட்ட நொடியில் உதடு அங்கேதான் வந்து நின்றிருந்தது. மறுபடி அசைந்தது. அவன் சொல்லிக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் நிறுத்தினான், எந்த இடத்தில் டீ குடித்தான், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் 'ம்' கொட்டிய இடங்களைப் பிடித்துக்கொண்டு அவன் கதை வழியே நடந்துபோனான்.

நர்மதா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அசையாமல் அவன் வாயையே பார்த்தாள். விடிகாலை என்றது உதடு. ரோட்டை மறித்துக்கொண்டு என்றது.

"எத்தினி மயிலு?" என்று போனுக்குள் அவள் கேட்டாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, கண்ணை அகல விரித்து, அன்றைக்குச் சொன்னபடியே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். முப்பத்தொண்ணு. அதில் ஒண்ணு நொண்டி.

போனுக்குள் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பாறையில் உட்கார்ந்திருந்தவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அவன் சொல்வதை நிறுத்திவிட்டு, இருக்கிறாயா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டான்.

"ம்" என்றாள் நர்மதா.

அவன் மேலே சொன்னான். அந்தக் கார்டில் இன்னும் ஆயிரம் இருந்தது.